வீட்டிற்குள் வந்த தெரு

(மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு)

எங்கள் பக்கத்து ஊர்களில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் இடத்தைப் பற்றியவை. குளத்தங்கரைக்குத் தனியே போகாதே. விளக்கு வைத்தபின் வாய்க்கால் பக்கம் நிற்காதே. உச்சிப் பொழுதில் புளியமரத்தடி வேண்டாம். பேருந்து நிலையத்தில் யார் மிட்டாய் கொடுத்தாலும் கை நீட்டாதே. ஆச்சிமார் சொன்ன இந்த எச்சரிக்கைகளில் பேயும் உண்டு, பிள்ளை பிடிக்கிறவனும் உண்டு. எதுவாயினும் அவற்றிற்கு ஓர் எல்லை இருந்தது. பிள்ளை நடையைத் தாண்டி வீட்டிற்குள் காலை வைத்துவிட்டால் அன்றைய அச்சம் தீர்ந்தது. கதவைச் சாத்தினால் தெரு வெளியே நின்றுவிடும்.

இன்று கதவைச் சாத்திய பிறகும் தெரு உள்ளேதான் இருக்கிறது. தலையணைக்கு அடியில் கிடக்கிறது. சார்ஜ் குறைந்தால் சுவரோரம் தொங்குகிறது. அதில் நல்லவரும் நடமாடுகின்றனர், கெட்டவரும் நடமாடுகின்றனர். ஒரு வேறுபாடு உண்டு. குளத்தங்கரையில் நிற்பவனுடைய முகம் தெரியும். இங்கே நிற்பவன் தனக்கு வேண்டிய முகத்தை வைத்துக்கொள்கிறான்.

கைப்பேசியைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சு மாதம் பள்ளிகள் மூடப்பட்டபோது நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். அம்மா பீடி சுற்றிச் சேர்த்த சீட்டுப் பணத்தில்தான் எங்கள் வீட்டிற்குத் தொடுதிரைக் கைப்பேசி வந்தது. அதுவும் ஒருவர் பயன்படுத்தி விற்றது. அது இல்லையென்றால் பத்தாம் வகுப்புக் கணக்கும் அறிவியலும் எனக்கு வந்திருக்கா. கல்வித் தொலைக்காட்சியில் ஒரு பாடத்தைத் தவறவிட்டால் கைப்பேசியில்தான் அதை மறுபடி பார்த்தேன். ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் நம் மாநிலத்தில் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் முதல் நாளில். ஏறத்தாழ இருபது மாதங்கள், சின்னஞ்சிறு பிள்ளைகளின் கையில் பள்ளிக்கூடம் என்று சொல்லிக் கைப்பேசியைக் கொடுத்தோம். பள்ளி திறந்ததும் பிள்ளைகள் திரும்பினர். கைப்பேசி திரும்பவில்லை. கொடுத்த நாமே அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லிக்கொடுக்கவில்லை. மிதிவண்டி வாங்கிக் கொடுத்தால் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுகிறோம். இதற்கு யாரும் ஓடவில்லை.

மாலைநேரங்களில் எங்கள் தெருப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேருக்குத் திண்ணையில் பாடம் சொல்லித் தருகிறேன். கட்டணம் என்று ஒன்றுமில்லை. சில வீடுகளிலிருந்து முருங்கைக்காய் வரும். சென்ற ஆண்டு ஒருநாள், கைப்பேசியில் என்ன செய்கிறீர்கள் என்று பெயர் போடாமல் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன். எழுத்தைப் பார்த்தே யாருடையது என்று எனக்குத் தெரியும். அது அவர்களுக்குத் தெரியாது. ஆண்பிள்ளைகளில் பாதிப்பேர் துப்பாக்கி விளையாட்டு விளையாடுகிறார்கள். ஃப்ரீ ஃபயர் என்னும் அந்த விளையாட்டு 2022 பிப்ரவரியிலேயே தடை செய்யப்பட்டதுதான். அதன் மறுவடிவமாகிய ‘மேக்ஸ்’ தடைப்பட்டியலில் இல்லை. ஆகவே தடை வந்ததே பலருக்குத் தெரியாது. ஒருவன் விளையாட்டிற்குள் ‘வைரம்’ வாங்க அப்பாவின் ஜிபேயில் ஐம்பதும் நூறுமாகச் செலவழித்திருக்கிறான். பெண்பிள்ளைகள் ரீல்ஸ் பார்க்கிறார்கள்; இருவர் மூவர் ஆடியும் போடுகிறார்கள். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, “தெரியாத ஒரு அண்ணன் தினமும் குட் நைட் சொல்லுவாங்க” என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு வரியை நான் பலமுறை படித்தேன். அதில் அவளுக்கு அச்சம் இல்லை. சற்றுப் பெருமைகூட இருந்தது.

எல்லாத் தாள்களிலும் பொதுவாக இருந்தது ஒன்று. கணக்குத் தொடங்கும்போது எல்லோரும் பொய்யான பிறந்த ஆண்டைக் கொடுத்திருந்தார்கள். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் ஒருவன் 1995 என்று போட்டிருக்கிறான். இன்ஸ்டாகிராம் கணக்கின்படி அவனுக்கு வயது முப்பது. எனக்குப் பத்து வயது மூத்தவன். சிரித்துவிட்டுப் போகக்கூடிய செய்தி இது என்றுதான் நானும் எண்ணினேன். பிறகு பார்த்தால் இதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பதின்மூன்று வயது நிரம்பாதவர்க்குக் கணக்கு இல்லை என்பது அந்நிறுவனத்தின் விதி. பதின்மூன்று முதல் பதினேழு வயதுவரை உள்ளவர் உண்மையான வயதைக் கொடுத்தால், 2024-க்குப் பிறகு சில பாதுகாப்புகள் தாமாகவே அமைகின்றன. கணக்கு பூட்டப்பட்டிருக்கும், அறியாதவர் செய்தி அனுப்ப இயலாது, பதினாறு வயதிற்குக் குறைந்தவர் அந்த அமைப்பைத் தளர்த்தப் பெற்றோர் இசைவு வேண்டும். பொய் வயது சொன்ன பிள்ளைக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. உள்ளே நுழைவதற்காகச் சொன்ன பொய், உள்ளே போனபின் காவலையும் நீக்கிவிடுகிறது.

இந்தப் பதின்மூன்று என்னும் எண் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். வரலாற்று மாணவிக்கு அந்தப் புத்தி போகாது. பிள்ளைகளின் மனவளர்ச்சியை ஆராய்ந்து யாரும் வகுத்த எண்ணன்று அது. 1998-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் இயற்றினார்கள். பதின்மூன்று வயதிற்குட்பட்ட பிள்ளைகளைப் பற்றிய விவரங்களைப் பெற்றோர் ஒப்புதல் இன்றி வலைத்தளங்கள் திரட்டக்கூடாது என்பது அதன் சாரம். ஒப்புதல் வாங்கும் தொல்லை எதற்கு என்று நிறுவனங்கள் பதின்மூன்றைக் கதவில் எழுதி வைத்துவிட்டன. நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு நிரம்பாத அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. படிப்படியாக நடைமுறைக்கு வரவிருக்கின்றன. நல்ல சட்டம். எங்கள் தெருவில் அது எப்படி நடக்கும் என்று எண்ணினால் சிரிப்பு வருகிறது. ஒப்புதல் கேட்டு அம்மாவின் எண்ணுக்கு ஓடிபி வந்தால், அதை அம்மாவுக்குப் படித்துச் சொல்பவனே அந்தப் பிள்ளைதான்.

இனி நான் எழுத வந்த செய்திக்கு வருகிறேன். இது என் உறவுப் பெண் ஒருத்தியைப் பற்றியது. அவளும் என் சித்தியும் படித்துப் பார்த்து இசைந்த பிறகே இது அச்சுக்குப் போகிறது. ஊரையும் வேறு சில அடையாளங்களையும் நீக்கியிருக்கிறேன். என் பெயரையும் போட வேண்டா என்று மலர்க்குழுவினரைக் கேட்டுக்கொண்டேன். இத்தகைய வழக்குகளில் குழந்தையின் அடையாளம் வெளிப்படலாகாது என்பது சட்டம். சட்டம் இல்லையென்றாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி அவள். நன்றாகப் படம் வரைவாள். பென்சிலால் வரைந்த கிளியையும் கோவில் யானையையும் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டு வந்தாள். அவளும் பொய்வயதுக்காரிதான். கோயம்புத்தூரில் பத்தாம் வகுப்புப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒரு ‘பெண்’ அவளுடைய படங்களைப் பாராட்டத் தொடங்கியது. இரண்டு மாத காலம் பாராட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. யானையின் காதிற்கு நிழல் எப்படிப் போட்டாய் என்று கேட்கும். அம்மா ஏசினாள் என்று இவள் சொன்னால், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று ஆறுதல் சொல்லும். நம் நட்பை வேறு யாரிடமும் சொல்லாதே, பொறாமைப்படுவார்கள் என்றும் சொன்னதாம். அதற்குப் பிறகுதான் உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற வேண்டுகோள் வந்தது. பொங்கலன்று பாவாடை தாவணியில் எடுத்த படத்தை அனுப்பினாள். அதில் ஒரு குற்றமும் இல்லை. அதே படம் எங்கள் வீட்டிலும் இருக்கிறது.

அடுத்து வேறுவிதமான படம் கேட்டபோது மறுத்தாள். உடனே மறுபக்கத்துக் குரல் மாறிற்று. பொங்கல் படத்தின் முகத்தை வேறோர் உடலோடு ஒட்டிய படம் ஒன்று வந்தது. இன்று இதைச் செய்யக் கலையோ பயிற்சியோ வேண்டியதில்லை. கேட்டதைச் செய்து கொடுக்கும் கருவிகள் கைப்பேசியிலேயே உள்ளன. நான் கேட்பதை அனுப்பாவிட்டால் இதை உன் பள்ளிப் பெயரோடும் உன் தகப்பன் பெயரோடும் போடுவேன் என்று எழுதியிருந்தான். இரண்டு பெயரையும் சரியாக எழுதியிருந்தான்.

பள்ளியின் பெயரும் தகப்பன் பெயரும் அவனுக்கு எப்படித் தெரிந்தன? அவள் சொல்லவில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அவளுடைய பெயரையும் ஊரையும் யூடியூபில் எழுதித் தேடினால் இரண்டு ஆண்டுகளுக்குமுன் நடந்த அவளது சடங்கு வீட்டு நிகழ்ச்சி முழுவதும் வருகிறது. விழாவைப் படமெடுத்த ஸ்டுடியோக்காரர் தம் தொழிலுக்கு விளம்பரமாக அதைப் போட்டு வைத்திருந்தார். மண்டபத்து வாசலில் பத்தடி உயரத்திற்கு ஃப்ளெக்ஸ். அதில் அவள் பெயர், தாய் தந்தை பெயர், தாய்மாமன் பெயர், ஊர், தெரு எல்லாம் உண்டு. பள்ளிச் சீருடையில் எடுத்த படத்தையும் ஒரு மூலையில் சேர்த்திருந்தார்கள்.

இங்கே சற்று நின்று பேச வேண்டும். பெண்பிள்ளை வயதுக்கு வந்தாள் என்பதை ஒரு காலத்தில் வீட்டுப் பெண்கள் குசுகுசுவென்று சொல்லிக்கொண்டார்கள். அதில் நமக்கு உடன்பாடு இல்லாத மூடுமந்திரம் நிறைய இருந்தது. அதை நான் போற்றவில்லை. ஆனால் இன்று நடப்பது என்ன? பதின்மூன்று வயதுச் சிறுமியின் உடலில் நடந்த மாற்றத்தைச் சாலையோரம் பலகை வைத்து அறிவிக்கிறோம். அதைப் படமெடுத்து உலகம் பார்க்க ஏற்றிவிடுகிறோம். அவளைக் கேட்டோமா? பிறகு அதே பெண் ஒரு படத்தை ஒருவருக்கு அனுப்பிவிட்டால், உனக்கு வெட்கமில்லையா என்கிறோம். பள்ளிகளும் விட்டபாடில்லை. மதிப்பெண் எடுத்த பிள்ளைகளின் படங்களைப் பெயர், வகுப்போடு முகநூலில் போடுகின்றன. அப்பாமார் வாட்ஸப் ஸ்டேட்டஸில், இன்று என் மகள் இந்தப் பேருந்தில் முதன்முதலாகத் தனியே பள்ளி செல்கிறாள் என்று மகிழ்ந்து எழுதுகிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். பிள்ளையைத் தேடுகிறவனுக்கு அந்த அன்பே முகவரியாகிவிடுகிறது.

மூன்று நாள் வயிற்றுவலி என்று அவள் பள்ளிக்குப் போகவில்லை. நான்காம் நாள் மாலை திண்ணைக்கு வந்து, பிள்ளைகள் எல்லாம் போகும்வரை உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, ஒண்ணு சொல்லுதேன். அம்மைட்ட சொல்லிராதீங்க.”

“சொல்லு. சொல்லாம இருக்க முடியுமான்னு கேட்டுட்டுத்தான் சொல்ல முடியும். ஆனா நீ இல்லாத இடத்துல சொல்ல மாட்டேன். சொல்லும்போது நான் பக்கத்துல இருப்பேன்.”

நெடுநேரம் யோசித்தாள். பின்பு கைப்பேசியை என் மடியில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றிரவு சித்தி வீட்டில் நடந்ததை நான் குறைத்தும் கூட்டியும் எழுத விரும்பவில்லை. சித்தி பீடித்தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். சித்தப்பா கேரளத்தில் வேலையில் இருந்தார். அவருக்குச் சொல்லலாமா வேண்டாமா என்பதே ஒரு மணி நேர வழக்காயிற்று. மாமா கைப்பேசியை அம்மிக்கல்லில் வைத்து உடைக்கப் போனார். ஆச்சி ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்: “பொட்டப்புள்ள படிச்சது போதும். நாளையிலேருந்து வீட்ல இருக்கட்டும்.” அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மூன்று நாளும் அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கிற்று. அவனைவிட அவள் இந்தச் சொல்லுக்குத்தான் அதிகம் அஞ்சியிருந்தாள். மிரட்டுகிறவனும் இதை நன்கு அறிந்தே மிரட்டுகிறான். சொன்னால் என்ன ஆகும் தெரியுமா என்று அவன் கேட்கும்போது, நம் வீடுகளே அவனுக்குக் கைக்கூலி இல்லாத ஆட்களாகின்றன.

மாமாவின் கையிலிருந்து கைப்பேசியை வாங்குவது பெரும்பாடாயிற்று. உடைத்தால் மிரட்டியதற்கான சான்று போய்விடும் என்றேன். அவருக்குத் தெரிந்த காவலர் ஒருவருக்கு அந்தப் படத்தை வாட்ஸப்பில் அனுப்பிக் கேட்கலாம் என்றார் அவர். அதையும் தடுத்தேன். குழந்தையைப் பாலியல் நோக்கில் காட்டும் படத்தை வெளியிடுவதும் பிறருக்கு அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி குற்றம். முதல்முறைக்கே ஐந்தாண்டு வரை சிறையும் பத்து இலட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு. உதவும் எண்ணத்தோடு ஒருவர் மற்றவர்க்கு அனுப்பினாலும், படம் பரவுவது பரவுவதுதான். அத்தகைய படங்களை வைத்திருப்பதும் பார்ப்பதும் பற்றிச் சென்னை வழக்கு ஒன்றில் 2024 செப்டம்பர் 23 அன்று உச்சநீதிமன்றம் கடுமையான தீர்ப்பு வழங்கியது. உயர்நீதிமன்றத்தின் முந்தைய முடிவை மாற்றியது. கல்லூரி நண்பர்களில் சிலர் இதனை அறியாமல் குழுக்களில் வந்ததையெல்லாம் தள்ளிவிடுகின்றனர். அவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிப்பார்களாக.

மறுநாள் காலை எங்கள் துறைப் பேராசிரியை ஒருவரிடம் சென்றேன். அவர் 1098 என்னும் எண்ணைச் சொன்னார். 1996-இல் மும்பையில் தெருவோரக் குழந்தைகளுக்காகத் தொடங்கப்பட்ட உதவி எண் அது; இன்று நாடெங்கும் இரவு பகலாக, கட்டணமின்றி இயங்குகிறது. எடுத்துப் பேசிய பெண் முதலில் கேட்ட கேள்வி, குழந்தை இப்போது எங்கே இருக்கிறாள், அவளோடு யார் இருக்கிறார்கள் என்பதுதான். என்ன படம், ஏன் அனுப்பினாள் என்று அவர் கேட்கவேயில்லை. அன்று பிற்பகலே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஓர் அம்மையார் வந்தார்.

சித்தி வீட்டார் அஞ்சியது காவல் நிலையத்தை. பெண்பிள்ளையை ஸ்டேஷன் படியேற்றினால் ஊர் என்ன சொல்லும்? அந்த அம்மையார் சொன்னது எனக்கே புதிது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி குழந்தையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அலுவலரே வாங்க வேண்டும். அவர் சீருடையில் வரக்கூடாது. எந்தக் காரணத்திற்காகவும் இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. மின்னணுக் கருவிகள் வழியே பாலியல் நோக்கோடு குழந்தையைத் தொடர்வதும், படத்தைக் காட்டி மிரட்டுவதும் அச்சட்டத்தில் தனியே குற்றங்களாகச் சொல்லப்பட்டுள்ளன. இவ்வளவும் எழுதி வைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

சொன்னபடியே பெண் அலுவலர் சுடிதாரில் வந்தார். தெருவில் கேட்டவர்களுக்கு என் கல்லூரித் தோழி என்று சொன்னோம். அவர் அவளோடு ஒரு மணி நேரம் பேசினார். முதல் கால் மணி கிளிப் படத்தைப் பற்றிப் பேசினார் என்று அவள் பின்னர் சொன்னாள். சில நாட்களில் அந்தக் கணக்கு முடக்கப்பட்டது. அது பெண்ணின் கணக்கன்று. வழக்கு நடப்பதால் மேற்கொண்டு எழுத இயலாது. ஸ்டுடியோக்காரர்தாம் படுத்திவிட்டார். நாலாயிரம் பேர் பார்த்த வீடியோவை எப்படி எடுப்பது என்றார். அந்த நாலாயிரத்தில் ஒருவன் யார் என்று மாமா எடுத்துரைத்த பிறகு நீக்கினார்.

கனடா நாட்டில் அமாண்டா டாட் என்ற சிறுமியின் கதையைப் பலர் அறிந்திருக்கலாம். இதே வகை மிரட்டல். பள்ளி மாற்றினாள், மிரட்டல் பின்தொடர்ந்தது. 2012 செப்டம்பரில் தன் கதையை அட்டைகளில் எழுதிக் காட்டி ஒரு படம் வெளியிட்டாள். அடுத்த மாதம் அவள் உயிரோடு இல்லை, வயது பதினைந்து. மிரட்டியவன் கடலுக்கு அப்பால் நெதர்லாந்தில் இருந்தவன். 2022-இல்தான் கனடா நீதிமன்றம் அவனுக்குப் பதின்மூன்று ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பத்தாண்டு! அந்தக் கதையை என் உறவுப் பெண்ணுக்கு நான் சொல்லவில்லை. சித்திக்கும் ஆச்சிக்கும் சொன்னேன். ஆச்சி கேட்டுக்கொண்டே வெற்றிலையை மடித்தாள். “அந்தப் புள்ளைக்கு அக்கா இல்லையாட்டீ?” என்று மட்டும் கேட்டாள். திங்கட்கிழமை காலை பேத்தியின் சோற்று வாளியை அவளே எடுத்துக் கொடுத்தாள். படிப்பை நிறுத்தும் பேச்சு அதன்பின் எழவில்லை.

அறிவியல் துறை நண்பர்களுக்கு ஒரு செய்தி. தீங்கான படம் பரவாமல் தடுக்க ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு படத்திலிருந்து கணக்கீட்டின் மூலம் நீண்ட எண் ஒன்றை உண்டாக்கலாம். மனிதருக்குக் கைரேகை போல அப்படத்திற்கு அது. 2009-இல் மைக்ரோசாப்டும் அமெரிக்கப் பேராசிரியர் ஹானி ஃபரீத்தும் சேர்ந்து ஃபோட்டோடிஎன்ஏ என்னும் முறையை உருவாக்கினர். அளவு சற்று மாறினாலும் படத்தை அது அடையாளம் கண்டுகொள்ளும். 2023 முதல் ‘டேக் இட் டவுன்’ என்னும் இலவசச் சேவை, பதினெட்டு வயதிற்குமுன் எடுக்கப்பட்ட படங்களுக்காக நடக்கிறது. படம் நம் கைப்பேசியை விட்டு வெளியே போவதில்லை. அதன் எண் மட்டும் போகிறது. பங்கேற்கும் நிறுவனங்கள் அந்த எண்ணோடு ஒத்த படத்தைத் தேடி நீக்குகின்றன. மறைகுறியிட்ட தனிச் செய்திகளுக்குள் இது செல்லாது. எனினும் பிள்ளை தன் படத்தை எவரிடமும் காட்டாமலே உதவி கேட்கலாம் என்பது சிறிய ஆறுதலன்று.

எல்லாவற்றையும் தடை செய்துவிட்டால் தீர்ந்தது என்போர் உளர். ஆஸ்திரேலியாவில் பதினாறு வயதிற்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைக்கத் தடை 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. மீறும் நிறுவனத்திற்குப் பெருந்தொகை தண்டம். பிள்ளையைத் தண்டிக்காமல் நிறுவனத்தைத் தண்டிக்கிறார்கள் என்ற அளவில் எனக்கு அது பிடித்திருக்கிறது. நம் அனுபவமோ வேறு. 2019 ஏப்ரலில் நம் மதுரைக் கிளையில்தான் டிக்டாக்கிற்கு இடைக்காலத் தடை பிறந்தது, அம்மாதமே நீங்கியது. 2020 ஜூனில் மைய அரசு வேறு காரணத்திற்காக அதை அடியோடு நிறுத்தியது. பிள்ளைகள் ஆடுவதை நிறுத்தவில்லை; சில வாரங்களில் ரீல்ஸ் வந்தது. மேலும், ஒரே கைப்பேசியை ஐந்துபேர் பயன்படுத்தும் வீட்டில் கணக்கு யாருடையது? எங்கள் தெருவில் பல கணக்குகள் அம்மா பெயரில் தொடங்கி, அண்ணன் பயன்படுத்தி, தம்பிக்கு இறங்கியவை.

சித்திக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அவளுக்கு மூன்று இடங்களைக் காட்டிக்கொடுத்தேன்: ஒருவரைத் தடுக்கும் இடம், புகார் செய்யும் இடம், கணக்கைப் பூட்டும் இடம். சின்னங்களைக் கொண்டே கற்றுக்கொண்டாள். மகளின் பிறந்த ஆண்டைத் திருத்தினோம். இரவு ஒன்பது மணிக்குமேல் கைப்பேசி பீடித்தட்டிற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அது மாமாவின் கைப்பேசிக்கும் பொருந்தும் என்று அவள் வாதாடி வென்றாள். இப்போது சித்தி இலையை வெட்டிக்கொண்டே, “இன்னைக்கு யாரு பேசுனா?” என்று கேட்கிறாள். பள்ளியில் யார் பேசினார்கள் என்று கேட்பதுபோலவே கேட்கிறாள். சில நாள் பதில் வரும். சில நாள் “போம்மா” என்று வரும். “போம்மா” வந்த நாளில் சித்தி மறுபடி கேட்பதில்லை. நிமிர்ந்து ஒருமுறை பார்த்துக்கொள்வாள்.

குட் நைட் அண்ணனைப் பற்றி எழுதிய ஏழாம் வகுப்புச் சிறுமியின் தாயிடமும் பேசினேன். அவர் அதை எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் திண்ணைக்கு மகளை அனுப்புவதை இரண்டு வாரம் நிறுத்திவிட்டார். பிறகு அவரே அழைத்து வந்தார், கைப்பேசியையும் எடுத்துக்கொண்டு.

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம் வரவிருக்கிறது. வழக்கம்போல் கோவில் வளாகத்தைத் தூய்மை செய்வோம், மரக்கன்று நடுவோம். ஒரு மாலைப்பொழுதை மட்டும் இதற்கு ஒதுக்க வேண்டும் என்று திட்ட அலுவலரை வேண்டினேன், இசைந்துள்ளார். தாய்மார்களைத் தனியாகவும் பிள்ளைகளைத் தனியாகவும் அமரவைத்துப் பேசலாம் என்பது எங்கள் எண்ணம். கணினித் துறை மாணவியர் இருவர் வருகிறார்கள். இன்னும் மூவர் வேண்டும், அவர்களில் ஆண்பிள்ளைகளிடம் பேசத்தக்க மாணவர் ஒருவராவது இருக்க வேண்டும். 1098, 1930 ஆகிய எண்களைப் பள்ளிச் சுவரில் எழுத ஓவியம் தெரிந்த ஒரு சிறுமி முன்வந்திருக்கிறாள். ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியை மாலை ஐந்து மணிக்குமேல் ஒரு வகுப்பறை தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த அறையில் விளக்கு ஒன்று எரியவில்லை; அதை மட்டும் நாம் மாற்றிக்கொள்ள வேண்டுமாம்.